சந்தனம் பட்ட பூட்டு

கிட்ட வாருங்கள், என் கண்ணுகளா. கையில் வேலை இருந்தால் அதையும் எடுத்துக்கொண்டே வாருங்கள். வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்கலாம், தீப்பெட்டி ஒட்டிக்கொண்டே கேட்கலாம். இது பேய்க் கதையும் இல்லை, ராசா கதையும் இல்லை. தன் கையால் அடித்து வைத்ததைத் தானே திறந்து பார்க்க முடியாமல் போன ஒருத்தியின் கதை. பாதியில் உங்களுக்குக் கோபம் வரும். வரட்டும். கடைசியில் உங்கள் வீட்டுக்கென்று ஒரு நல்ல வார்த்தை எடுத்து வைத்திருக்கிறேன். அதை வாங்கிக்கொள்ளாமல் மட்டும் எழுந்து போய்விடாதீர்கள்.

திருத்தங்கலில் மலைக்கோயிலுக்குப் போகிற வழியில் ஒரு சந்து உண்டு. சந்துக்குள் மூன்றாவது வீடு வேல்விழியுடையது. முன்னறையில் ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரின்டர், மின்சாரம் போனால் கூவுகிற ஒரு யூ.பி.எஸ். வாசலில் 'ஓவியா டி.டி.பி.' என்று தகரப் பலகை. ஓவியா அவர்களுடைய மகள் பெயர். ஒன்றாம் வகுப்புப் படிக்கிறாள். கல்யாணமான புதிதில் வேல்விழி தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கினாள். சாயந்தரம் டைப் வகுப்புக்குப் போனாள். பிறகு லேபிள், நோட்டீசு, கல்யாணப் பத்திரிகை என்று அடிக்கக் கற்றுக்கொண்டு, இந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்துவிட்டாள். அவள் புருசன் மாரிக்கண்ணன் அச்சங்குளம் பக்கம் ஒரு வெடிக் கம்பெனியில் வேலை பார்த்தான். அலுமினியப் பொடி ஏறி அவன் நகக்கண் எப்போதும் வெள்ளியாக மின்னும். எவ்வளவு தேய்த்தாலும் போகாது. சோறு பிசையும்போதுகூட மின்னும்.

அந்த ஊரில் வருசத்துக்கு இரண்டு சீசன். தீபாவளி வரைக்கும் பட்டாசு லேபிள்; தீபாவளி முடிந்ததும் காலண்டர். பெரிய கம்பெனிகள் ஆடியிலேயே மாதிரி ஆல்பம் போட்டு ஆர்டர் பிடித்துவிடுவார்கள். சின்ன பிரஸ்காரர்கள் லேபிள் ஓய்ந்த பிறகுதான் காலண்டருக்கு மிசினைத் திருப்புவார்கள். அப்படி ஒரு சின்ன பிரஸ்காரர் கனகசபாபதி அண்ணாச்சி. அவர் அந்த வருசம், அதாவது இரண்டாயிரத்து ஐந்தில், அடுத்த ஆண்டுக் காலண்டரின் தேதித் தாள் முழுவதையும் வேல்விழியிடம் கொடுத்திருந்தார். ஒவ்வொரு நாளுக்கும் ஒரு தாள். திதி, நட்சத்திரம், நல்ல நேரம், ராகு காலம், எந்தக் கோயிலில் எந்த உற்சவம் என்று பொடி எழுத்தில் நிறையும். ஒரு நாழிகை பிசகினால் ஒரு வீட்டுக் கல்யாணம் பிசகும் என்று பயந்து பயந்து அடித்தாள். ஜோசியரிடம் மூன்று தடவை புரூப் காட்டித் திருத்தினாள். சித்திரையில் தொடங்கிய வேலை புரட்டாசியில் முடிந்தது. தீபாவளி முடிந்தால் வெடிக் கம்பெனி ஒரு மாதத்துக்கு மேல் பூட்டிவிடும்; மாரிக்கண்ணனுக்கு வேலை இராது. அடுப்பு எரிய வேண்டுமானால் இந்தத் தேதித் தாள்தான் எரிய வைக்க வேண்டும்.

அந்தத் தாள்கள் எல்லாம் கம்ப்யூட்டருக்குள் 'பொன்வரி' என்ற சாப்ட்வேரில் இருந்தன. ஒரு காலத்தில் மூன்று நான்கு கம்பெனிகள் தமிழ் எழுத்து விற்றன. பொன்வரிக்காரன் ஒவ்வொன்றாக விலைக்கு வாங்கினான். வாங்கினதை மூடினான். கடைசியில் பிலிம் எடுக்கிறவர், பிளேட் போடுகிறவர், அச்சடிக்கிறவர் எல்லோரிடமும் அவன் எழுத்துதான் என்று ஆகிவிட்டது. அவன் எழுத்தில் அடித்ததை வேறு எதிலாவது திறந்தால் கோழி கிளறின குப்பை மாதிரி திரையில் விழும். தமிழ் அடித்துப் பிழைக்கிறவர்கள் அத்தனை பேரும் அவன் ஒருத்தன் வாசலில்தான் நிற்க வேண்டும்.

அவன் சும்மா எழுத்தை மட்டும் விற்கவில்லை. அதோடு தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்புத் துண்டும் கொடுத்தான். கம்ப்யூட்டரின் முதுகில், பிரின்டர் வயர் செருகுகிற இடத்தில் அதைச் செருக வேண்டும். அதற்குப் பெயர் பூட்டு. பூட்டு இருந்தால்தான் பொன்வரி திறக்கும்.

ஆயுத பூஜை வந்தது. மாரிக்கண்ணனுக்குக் கம்பெனி லீவு. காலையிலேயே தலைக்குக் குளித்து, சந்தனம் கரைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். வெளியே ஐப்பசிக்கு முந்தியே வந்துவிட்ட மழை நசநசவென்று தூறிக்கொண்டிருந்தது. உள்ளே சுண்டல் வெந்த வாசம்.

"ஏ வேலு, இந்தப் பொட்டிக்கு மூணு பொட்டு வைக்கவா, அஞ்சு வைக்கவா?"

"எத்தன வேணாலும் வைங்க. கண்ணாடில மட்டும் வச்சிராதீக. போன வருசம் வச்ச கறை ஒரு எழுத்து மேல புள்ளி மாதிரி நின்னுக்கிட்டு, ஒரு லேபிள் பூராம் தப்பாப் படிச்சேன்."

"சாமிக்கு வச்சதக் கறைங்காத புள்ள."

கம்ப்யூட்டர், கீபோர்டு, பிரின்டர், கத்தரிக்கோல், அவனுடைய சைக்கிள், வெடிக் கம்பெனிக்குக் கொண்டுபோகிற தூக்குச்சட்டி எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தான். பிறகு குனிந்து பெட்டியின் முதுகைப் பார்த்தான்.

"இந்தப் பூட்டுக்கு என்னைக்காவது பொட்டு வச்சிருக்கமா?"

"அது பின்னாடில்ல கெடக்கு. ஆரு பாக்கா?"

"அதத்தான் சொல்லுதேன். அம்புட்டுக்கும் அதுதான் காவலு. முன்னாடி இருக்கதுக்கெல்லாம் மாலை; பின்னாடி நிக்கவனுக்கு ஒண்ணும் கெடையாது. எங்க கம்பெனியிலயும் இதே கததான்."

பூட்டைக் கழற்றி வாழை இலையில் நடுநாயகமாக வைத்தான். நாலு பக்கமும் சந்தனம் பூசி, மேலே குங்குமம் வைத்து, ஒரு செவ்வந்தி இதழைக் கிள்ளி ஒட்டினான்.

"மாப்பிள்ளைக்குப் பூசுத மாதிரில்ல பூசுதீக!" என்று வேல்விழி சிரித்தாள். வேண்டாம் என்று சொல்லவில்லை. அதை அவள் பிறகு எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்தாள். அன்றைக்குச் சிரித்தாள், தடுக்கவில்லை.

பூஜையில் வைத்ததை மறுநாள் விஜயதசமி வரைக்கும் தொடக்கூடாது என்பது வழக்கம். மறுநாள் காலையில் சூடம் காட்டி, பூட்டை ஈரத்துணியால் துடைத்து, உலர வைத்துச் செருகினாள். கம்ப்யூட்டர் எழுந்தது. பொன்வரியைத் தட்டினாள்.

பூட்டைக் காணவில்லை என்று ஒரு சின்னக் கட்டத்தில் எழுதி வந்தது.

கழற்றி மாட்டினாள். அதே கட்டம். ஊதினாள், பல் துலக்குகிற பிரஷ்ஷால் தேய்த்தாள், மாட்டினாள். அதே கட்டம். மாரிக்கண்ணன் ஊசியை எடுத்துப் பூட்டின் பொடி ஓட்டைகளில் ஒட்டியிருந்த மஞ்சளைச் சுரண்டினான். வெள்ளி நகத்துக்குள் சந்தனம் ஏறிக்கொண்டது. அவன் மூச்சுக்கூட விடாமல் சுரண்டினான். மாட்டினாள். அதே கட்டம்.

அவன்தான் முதலில் பேசினான்.

"காஞ்சாச் சரியாப் போகும் வேலு."

"ஆமா, சாமி வந்து சரி பண்ணும்!" என்றாள். "ஒங்க பக்தியக் கொண்டுபோயி உங்க தூக்குச்சட்டியோட வச்சுக்கிட வேண்டியதான? என் வேலையில ஏன் கொண்டாந்து பூசுனீக?"

அவன் ஊசியைத் தாளில் துடைத்து, நூல்கண்டில் குத்தி வைத்துவிட்டு, சாப்பிடாமலே வெளியே போனான்.

சிவகாசி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து மாடியில் பொன்வரி டீலர் ஆபீசு. வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டும், உள்ளே ஏ.சி. காற்று. பெஞ்சில் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தர் கைக்குட்டைக்குள் எதையோ மூடி வைத்திருந்தார். ஒரு பெண் மணிபர்சை மடியில் வைத்து இறுகப் பிடித்திருந்தாள். எல்லோரும் டி.டி.பி. அடிக்கிறவர்கள்தான், முகம் தெரியும். ஆனால் யாரும் யாரோடும் பேசவில்லை. பேசவும் முடியாது. 'இன்னார் வீட்டுப் பெட்டி படுத்துவிட்டது' என்று வெளியே தெரிந்தால் அன்று சாயந்தரமே பிரஸ்காரர் வேலையை அடுத்த தெருவுக்கு மாற்றிவிடுவார். வேல்விழியும் யாரையும் ஏறிட்டுப் பார்க்காமல் ஓரமாக உட்கார்ந்தாள். உள்ளே டெலிபோன் அடித்து, அடித்து, ஓய்ந்து, மறுபடியும் அடித்துக்கொண்டிருந்தது.

டீலரின் ஆள் பாண்டி. உள்ளூர்ப் பையன்தான், கழுத்தில் டை கட்டியதால் பேச்சும் கொஞ்சம் மாறியிருந்தது. பூட்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். மூக்கருகே கொண்டுபோனான்.

"மேடம், சந்தனம் வாசம் அடிக்குது."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஆயுத பூஜையா? இது எலக்ட்ரானிக் அயிட்டம் மேடம். இதுல போய் யாராவது சந்தனம் பூசுவாங்களா?" பக்கத்து மேசைக்காரன் களுக்கென்று சிரித்தான். "கஸ்டமர் தப்பால கெட்டா மாத்தித் தர மாட்டாங்க. அதுவும் இது பழைய வெர்சன். இந்தப் பூட்டையே கம்பெனி நிறுத்திட்டாங்க."

"அப்ப நான் என்ன செய்ய?"

"புது வெர்சன் வாங்கிக்கங்க."

"வாங்குனா நான் அடிச்சு வச்சிருக்க வேலையெல்லாம் அதுல தொறக்குமா?"

"நேராத் திறக்காது. பழசுல திறந்து, மாத்திக் குடுத்தீங்கன்னா புதுசு எடுத்துக்கும்."

"பளசத் தொறக்கணும்னா?"

"பழைய பூட்டு வேணும்."

"பளைய பூட்டு?"

"அதான் நிறுத்திட்டாங்கன்னு சொன்னேனே மேடம்."

அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏ.சி. காற்றில் உள்ளங்கால் சில்லிட்டது.

"சார், அது நான் அடிச்சது. ஆறு மாசமா நான் ஒருத்தி உக்காந்து அடிச்சது. அது என் வேலைதான?"

"வேலை உங்களுதுதான் மேடம். எழுத்து கம்பெனியோடது." அதைச் சொல்லிவிட்டு அவன் டெலிபோனை எடுத்தான்.

அங்கிருந்து நேரே கனகசபாபதி அண்ணாச்சி பிரஸ்ஸுக்குப் போனாள். பொய் சொல்லத்தான் போனாள். ஆனால் மிசின் சத்தமும் மை வாசமும் பட்டதும் அழுகை முட்டிக்கொண்டு வர, உள்ளதையே சொல்லிவிட்டாள். அண்ணாச்சி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்தார்.

"தாயி, தீவாளி கழிஞ்ச மறுநாள் மிசினுல தேதித் தாள் ஏறணும். தீவாளிக்குள்ள எனக்கு வேலை கைக்கு வந்தாகணும். வராட்டி நான் பெரிய கம்பெனிக்காரன்ட்டப் போயி அவன் தாளயே வாங்கி ஒட்டிக்கிடுவேன். அதுக்கப்புறம் ஒனக்கு வேலை தரமுடியாது. வருத்தப்படாத. நெசத்தச் சொல்லுதேன்."

"வேற சாப்ட்வேருல திருப்பி அடிச்சுத் தரவா அண்ணாச்சி?"

"வேற எது இருக்கு, சொல்லு? எல்லாத்தயும் அவந்தான் வாங்கி முழுங்கிட்டானே. இருந்தாலும் ஒரு வருசத்த இந்தக் கொஞ்ச நாளுல அடிச்சுருவியா? ஜோசியர் படிச்சுப் பாத்துருவாரா?" அவர் எழுந்து ஓடுகிற மிசினை ஒரு பார்வை பார்த்துவிட்டு வந்தார். "எனக்கு மட்டும் அவன் மேல பிரியம்னு நெனைக்கியா? புதுசு வாங்கு, புதுசு வாங்குங்கான். வாங்காட்டி போன வருச வேலையத் தொறக்க முடியல. வாசல்ல என் பேரு போட்ட போர்டு தொங்குது. உள்ள மொதலாளி அவன்தான்."

சொல்லிவிட்டு ஒரு தட்டில் சாத்தூர் சேவும் டீயும் வரவழைத்தார். அவள் டீயை மட்டும் குடித்தாள்.

வீட்டில் அந்த நாட்கள் எப்படிக் கழிந்தன என்று கேட்காதீர்கள், கண்ணுகளா. ஒரு வீட்டில் இரண்டு பேர் பேசாமல் இருந்தால் பாத்திரங்கள் பேசும். வேல்விழி கரண்டியைப் போட்டால் ணங்கென்று விழும். மாரிக்கண்ணன் செம்பை வைத்தால் சத்தமே வராது. அவன் காலையில் கஞ்சியைக் குடித்துவிட்டு வேலைக்குப் போவான். திரும்பி வந்தால் முன்னறைக்குள் கால் வைக்க மாட்டான். அடுப்படி வழியாகவே போய் வருவான். நெற்றியில் எப்போதும் வைக்கிற சந்தனத்தையும் நிறுத்திவிட்டான். ஓவியா, "எப்பா, நெத்தி ஏன் வெறுசா இருக்கு?" என்று கேட்டாள். "வேர்க்குதுத்தா" என்றான். மழையில் யாருக்கு வேர்க்கும்?

வேல்விழிக்கு அது தெரியாமல் இல்லை. ஆனால் திரையில் அந்தச் சின்னக் கட்டத்தைப் பார்க்கும்போதெல்லாம் மஞ்சள் பூசின பூட்டுதான் கண்ணில் நின்றது. கம்பெனிக்காரன் முகம் அவளுக்குத் தெரியாது. அவன் எங்கேயோ மெட்ராசில் இருக்கிறான். கையெட்டும் தூரத்தில் இருந்தவன் மாரிக்கண்ணன் ஒருத்தன்தான். அதனால் கோபமெல்லாம் அவன் மேலேயே இறங்கியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்து வெள்ளைச் சேலையோடு ஜெனிட்டா வந்தாள். பக்கத்துத் தெருவில் டி.டி.பி. வைத்திருப்பவள், வேல்விழிக்கு மூத்தவள். சர்ச் நோட்டீசு, கிறிஸ்துமஸ் வாழ்த்து, ஞானஸ்நானப் பத்திரிகை எல்லாம் அவள் வேலை. தோழி என்றும் சொல்லலாம், போட்டிக்காரி என்றும் சொல்லலாம்.

"ஏ வேலு, ஒரு உதவிடி. யாருட்டயும் சொல்லிராத. ஒம் பூட்ட ஒரு நாளைக்குக் குடேன்."

வேல்விழி பெட்டியை மறைத்து நின்றாள். "எதுக்குக்கா?"

"என் பூட்டு செத்துப்போச்சு. மளை ஈரம் எறங்கிருச்சுங்கான் அந்தப் பாண்டி. நான் அத பிளாஸ்டிக் கவருக்குள்ள பொத்திப் பொத்தி வச்சிருந்தேன், எங்கிட்டு எறங்குச்சோ! கிறிஸ்மஸ் வேலை அம்புட்டும் உள்ள கெடக்கு."

வேல்விழி மெல்லக் கேட்டாள்: "யக்கா, நீங்களும் சந்தனம் வச்சீகளா?"

"எது?"

"பூட்டுக்கு. ஆயுத பூஜைக்கு."

ஜெனிட்டா இடுப்பில் கை வைத்தாள். "ஏசப்பா! இந்தப் புள்ள என்ன கேக்குது பாரு! எங்க வீட்டுல சந்தனம் ஏதுடி? எங்கம்மா கேட்டா சபையக் கூட்டிருவா."

"அப்ப எப்பப் போச்சு?"

"ஒங்க பூஜ லீவு அன்னைக்கு. மொத நாள் நல்லா ஓடுச்சு. லீவு அன்னைக்கு உக்காந்தேன், பூட்டக் காணோம்னான்."

வேல்விழி தன் பூட்டைக் கழற்றி எடுத்தாள். அவளும் பூஜைக்கு முந்தின நாள் வரைக்கும் அடித்தாள். பூட்டைக் காணவில்லை என்ற அதே கட்டம். தன் பூட்டைக் காட்டினாள், நடந்ததைச் சொன்னாள். ஜெனிட்டா பூட்டை முகர்ந்து பார்த்துவிட்டுச் சிரித்தாள். சிரித்து முடிப்பதற்குள் அவள் முகம் மாறியது.

"எனக்கு ஈரம். ஒனக்குச் சந்தனம். அன்னைக்கு அங்கன பெஞ்சுல கெடந்தவுகளுக்கு என்ன சொன்னானோ?"

மறுநாள் இரண்டு பேரும் சேர்ந்தே மாடி ஏறினார்கள். பெஞ்சு நிறைந்திருந்தது. ஜெனிட்டாவுக்கு வாய் சும்மா இருக்காது; முதல் ஆளிலிருந்து கேட்டுக்கொண்டே போனாள். கைக்குட்டைக்காரருக்கு இடி இறங்கிவிட்டதாம். மணிபர்ஸ்காரிக்கு எறும்பு புகுந்துவிட்டதாம். மல்லாங்கிணற்றிலிருந்து வந்த ஒருவருக்குக் கரிசக்காட்டுப் புழுதி. வெடிக் கம்பெனிக்குப் பக்கத்தில் கடை வைத்திருந்தவருக்கு மருந்துத் தூசி. ஒவ்வொருத்தருக்கும் ஒரு குற்றம் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். ஒவ்வொருத்தரும் அதை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய், தன்னையோ தன் வீட்டாரையோ திட்டிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

பாண்டி ஜெனிட்டாவின் பூட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அன்றைக்கு ஈரம் என்று சொன்னது அவனுக்கு மறந்துபோயிருந்தது.

"நீங்களும் பூஜையில வச்சீங்களா மேடம்?"

"சார், என் பேரு ஜெனிட்டா."

பாண்டி பூட்டை மேசையில் வைத்தான்.

"ஒரே நாளுல ஊருல உள்ள பூட்டெல்லாம் சாகுதுன்னா, அது என்ன சார் நோயி?" என்று வேல்விழி கேட்டாள். "எங்க வீட்டுல அந்த மனுசன் நெத்தியில பொட்டு வைக்குறத நிறுத்திட்டாரு. அதுக்கு யாரு சார் பதிலு சொல்லுவா?"

பக்கத்து மேசைக்காரன் இந்தத் தடவை சிரிக்கவில்லை. பாண்டி எழுந்து கண்ணாடிக் கதவைச் சாத்தினான். குரல் இறங்கியதும் டைக்குள்ளிருந்து பழைய பையன் வெளியே வந்தான்.

"யக்கா, நெசமா எனக்குத் தெரியாது. மருதை ஆபீசுலருந்து, 'கஸ்டமர் தப்புன்னு சொல்லு, புதுசக் காட்டு'ன்னாக. சொல்லுதேன். நான் என்ன, கம்பெனியா நடத்துதேன்? சம்பளத்துக்கு நிக்கவன்."

"கம்பெனிக்கு ஒரு போன் போட்டுக் குடு. நாங்க பேசுதோம்."

"போட்டா எனக்கே ஒம்பது நம்பர அமுக்கு, ரெண்டு நம்பர அமுக்குன்னுதான்க்கா சொல்லுவான்."

அவனைத் திட்டவும் வரவில்லை, விடவும் வரவில்லை. கீழே இறங்கி வந்து செருப்பை மாட்டும்போது ஜெனிட்டா, "பூட்டு நெசமாவே செத்துச்சா இல்லையான்னு மொதல்ல பாக்கணும்டி. வேற பொட்டியில மாட்டிப் பாத்தா என்ன?" என்றாள்.

"வேற பொட்டிக்கு எங்க போக?"

"எங்க வீட்டுக் கட்டிலுக்கடியில ஒண்ணு கெடக்கு. பளசு. பொன்வரி அதுலயும் போட்டிருந்தேன்."

சாயந்தரம் வேலை முடிந்து வந்த மாரிக்கண்ணனை வேல்விழி கூப்பிட்டாள். அத்தனை நாளைக்குப் பிறகு அதுதான் முதல் பேச்சு. "ஜெனிட்டாக்கா வீட்டுல ஒரு பொட்டியத் தூக்கிட்டு வரணும். வாறீகளா?"

அவன் வந்தான். பழைய பெட்டியைச் சைக்கிள் கேரியரில் வைத்துச் சாக்கு போர்த்தி, தூறலுக்குள் தள்ளிக்கொண்டு வந்தான். பின்னாலேயே ஜெனிட்டாவும் தன் பூட்டோடு வந்தாள். முன்னறை வாசலுக்கு வந்ததும் மாரிக்கண்ணன் நின்றான். "உள்ள வைங்க" என்று அவள் சொன்ன பிறகுதான் கால் வைத்தான். மானிட்டர் வயரை மாற்றி மாட்டினார்கள். பெட்டி கிழவன் மாதிரி செருமி, முனகி எழுந்தது. தொடங்கும்போதே திரையில் ஒரு தேதியைக் காட்டி நின்றது.

"இது என்ன, எந்தக் காலத்துத் தேதியவோ காட்டுது?" என்றான் மாரிக்கண்ணன்.

"அதுக்கு உள்ள பேட்டரி செத்துப்போச்சு தம்பி. எப்பத் தொறந்தாலும் ரெண்டாயிரம் சனவரி ஒண்ணுன்னுதான் எந்திரிக்கும். அதுக்குத்தான் தூக்கிக் கட்டிலுக்கடியில போட்டது."

வேல்விழி சந்தன வாசம் போகாத தன் பூட்டை முதுகில் செருகினாள். பொன்வரியைத் தட்டினாள்.

திறந்தது.

ஜெனிட்டா தன் பூட்டை எடுத்து மாற்றிச் செருகினாள். அதற்கும் திறந்தது. வேல்விழி தன் கம்ப்யூட்டரை மறுபடியும் மாட்டி, பூட்டைச் செருகினாள். பூட்டைக் காணவில்லை என்றது. ஒரே பூட்டு, அந்தப் பெட்டியில் உயிரோடு இருக்கிறது, இந்தப் பெட்டியில் செத்துப்போகிறது. என்ன வித்தியாசம்? அவள் திரையின் மூலையில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தாள். வருசத்தைப் பின்னால் தள்ளினாள். நான்கு, மூன்று, இரண்டு. நிறுத்திவிட்டுப் பொன்வரியைத் தட்டினாள்.

அவள் அடித்த தேதித் தாள் திரையில் வந்து நின்றது. தை ஒன்று, பொங்கல் வைக்க நல்ல நேரம். எழுத்து எழுத்தாக, அவள் வைத்த இடத்தில் அப்படியே.

"அட நாசமாப் போறவனே," என்றாள் ஜெனிட்டா, சர்ச்சுக்குப் போகிறவள் என்பதையும் மறந்து. "பூஜ லீவுத் தேதியோட செத்துப்போன்னு சாப்ட்வேருக்குள்ளயே எழுதி வச்சிருக்கான்டி! காசு வாங்குறப்பச் சொன்னானா?"

வேல்விழி திரும்பிப் பார்த்தபோது மாரிக்கண்ணன் அங்கே இல்லை. வாசலில், தூறல் படுகிற இடத்தில் உட்கார்ந்து வெள்ளி நகங்களையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"சந்தனம் ஒண்ணும் செய்யல," என்றாள்.

"ம்."

"நான் பேசுனது தப்பு."

"நீ பேசுனதுகூட இல்ல புள்ள. அவன் சொன்னதும் நானும் நம்பிட்டேன் பாரு. ராவும் பகலும் அதே நெனப்பு. நம்ம கைதான் கெட்ட கை, நம்ம தொட்டதுதான் வெளங்காமப் போச்சுன்னு." அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "அவன் கையப் பாக்கணும்னு ஒரு நேரங்கூடத் தோணல."

அவள் அடுப்படிக்குப் போய்ச் சோறு போட்டுக்கொண்டு வந்தாள். அவன் அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டான். இரண்டாம் தடவையும் வாங்கிக்கொண்டான்.

கதை இங்கே முடிந்தால் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் நடந்ததைச் சொல்ல வேண்டும் அல்லவா?

தேதித் தாள் முழுவதையும் வேல்விழி டிரேசிங் பேப்பரில் பிரின்ட் எடுத்து, நனையாமல் சுருட்டிக்கொண்டு தீபாவளிக்கு முன்பே அண்ணாச்சியிடம் கொடுத்தாள். அவர் ஒவ்வொரு தாளாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நடந்ததைக் கேட்டு வெகுநேரம் தலையை ஆட்டினார்.

"இந்த வருசம் இத வச்சு பிளேட் போட்டு ஓட்டிருதேன் தாயி. ஆனா பிளேட்காரன் புதுசுக்கு மாறிட்டான். அடுத்த வருசம் புதுசுலதான் கேப்பான். நீயும் நானும் என்னதான் குதிச்சாலும் கடைசியில அவன்ட்டத்தான் போயி நிக்கணும்."

"தெரியும் அண்ணாச்சி."

திரும்பும் வழியில் அந்த மாடிக்கு ஏறினாள். பெஞ்சில் அன்றைக்கும் ஆட்கள் இருந்தார்கள், மடியில் பூட்டோடு. வேல்விழி பாண்டியிடம் போகவில்லை. பெஞ்சுக்கு நேரே நின்று, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்: "பூட்டு சாகல. உங்க மேல ஒரு தப்பும் இல்ல. வீட்டுக்குப் போயி பொட்டியில வருசத்தப் பின்னுக்குத் தள்ளிப் பாருங்க." ஒருத்தர் உடனே எழுந்தார். ஒருத்தர், "கம்பெனிக்காரன் கேசு போட்டுருவாம்மா" என்று பயந்தார். மணிபர்ஸ்காரி, "நான் நேத்துத்தான் புதுசுக்குப் பணங் கட்டுனேன்" என்று சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். அந்த முதுகு குலுங்கியதை வேல்விழி இன்றைக்கும் மறக்கவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பாண்டி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். தடுக்கவில்லை. அடித்துக்கொண்டிருந்த டெலிபோனை எடுக்கவும் இல்லை.

அடுத்த வருசம் வேல்விழி புதுசு வாங்கத்தான் வாங்கினாள். வேறு வழி இல்லை. ஆனால் அதற்குப் பிறகு எந்த வேலையை அடித்தாலும் ஒரு பிரதி டிரேசிங்கில் எடுத்துத் தகரப் பெட்டிக்குள் வைத்துவிடுவாள். "இதத் தொறக்க எவன் பூட்டும் வேண்டாம், கண்ணு இருந்தாப் போதும்" என்பாள்.

அதற்கு முன்னால், அந்தத் தை பிறந்தபோது அண்ணாச்சி பிரஸ் காலண்டர் அவள் வீட்டுச் சுவரில் தொங்கியது. அதில் அன்றைய தேதி. அதன் கீழே அதை அடித்துக் கொடுத்த கம்ப்யூட்டர், மூன்று வருசத்துக்கு முந்தின தேதியைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. மாரிக்கண்ணன் காலையில் தாளைக் கிழித்துவிட்டு, நெற்றிக்கு வைத்த சந்தனத்தில் மிச்சத்தை எடுத்து, குனிந்து, பெட்டியின் முதுகில் இருந்த பூட்டில் ஒரு பொட்டு வைத்தான். வேல்விழி பார்த்தாள். தடுக்கவில்லை.

அவ்வளவுதான், என் கண்ணுகளா. இனி நான் எடுத்து வைத்திருந்த வார்த்தையை வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டுச் சாவி உங்கள் வீட்டு ஆணியிலேயே தொங்கட்டும். நீங்கள் பாடுபட்டுச் சேர்த்தது உங்கள் கை பட்டதும் திறக்கட்டும். எவனோ எங்கேயோ செய்த குற்றத்துக்கு உங்கள் வீட்டில் ஒருவரையொருவர் முறைத்துப் பார்க்கிற நாள் வராமல் இருக்கட்டும். உங்கள் வீட்டுச் சோறு, இரண்டாம் தடவை கேட்கிறவருக்கும் பானையில் இருக்கட்டும். நல்லா இருங்கள்.